சென்ற ஆண்டு இதே நாளில்

குழந்தை ராமரின் நெற்றியில் விழ வேண்டிய வெயில் ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதற்காக ஒரு குடும்பம் குடியிருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். முதல் விஷயம் எப்படி நடந்தது என்று விளங்காமல், இரண்டாவதை எப்படித் தடுப்பது என்றும் தெரியாமல், பங்குனி இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு ராமர் மண்டபத்துச் சாவிக்காரரின் மனைவி தையல் கடைப் படியேறினாள்.

டெய்லரம்மா அப்போது ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, அலமாரியின் தெற்கு ஓரத்தில் இருந்த பட்டுத் துணிக்கட்டுகளை வடக்கு ஓரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கீழிருந்து வாங்கி அடுக்கியவள் அவருடைய நாத்தனார். தை மாதம்தான் இதே கட்டுகளை வடக்கேயிருந்து தெற்கே தூக்கி வைத்தோம், கட்டுக்குக் கால் முளைத்துவிட்டதா என்று அவள் முணுமுணுத்தாள். கிழக்கு ஜன்னல் வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு டெய்லரம்மா அடுத்த கட்டை எடுத்தார்.

நாத்தனாருக்குத் தெரு வைத்த பெயர் துருவி. பொத்தான் தைப்பதும் ஓரம் அடிப்பதும் அவள் வேலை. படியேறுகிறவர்களையெல்லாம் துருவித் துருவிக் கேட்பது அவள் பொழுதுபோக்கு. தேங்காய் இல்லாத நாளிலும் நம் வீட்டில் துருவி சும்மா இருப்பதில்லை என்று அவள் அண்ணனே கேலி செய்வார். டெய்லரம்மா அதற்கு நேர்மாறு. அதிகம் கேட்க மாட்டார், அளந்து பார்ப்பார். காணாமல் போன கல்யாணப் புடவை எந்த வீட்டுக் கொடியில் காய்ந்தது என்று அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரே ஒரு நூலை வைத்துச் சொன்னவர். அன்று முதல் தெருவில் யாருக்கு எது புரியாமல் போனாலும் தையல் கடைக்குத்தான் வருவார்கள்.

சாவிக்காரரின் மனைவி வந்தது, வெளியே சொல்லிக்கொள்ள, குழந்தை ராமரின் பட்டுச் சட்டையை வாங்கிப் போக. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சட்டையைத் துருவி மடித்துக் கொடுத்ததும் அவள் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். துருவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒன்றுக்கு எட்டுக் கேள்வி கேட்டு, விஷயத்தை வெளியே கொண்டு வந்தாள்.

மண்டபத்துக் கூரை தகரம். போன ராம நவமியன்று உச்சிவேளையில் திரையை விலக்கினார்கள். தொட்டிலில் படுத்திருந்த குழந்தையின் நெற்றியில் காசளவு வெளிச்சம் ஒன்று வந்து உட்கார்ந்தது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. கூரையில் ஒரு திருகாணி கழன்று போயிருந்தது, அந்த ஓட்டை வழியாக வந்த வெயில். இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டு நழுவிப் போயிற்று. அர்ச்சகர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டார். சூரிய குலத்துக் குழந்தைக்குச் சூரியனே வந்து பொட்டு வைத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. இந்த வருஷம் வெளியூரிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள்.

விக்கிரகமும் தொட்டிலும் வருஷம் முழுக்கப் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பவை. நேற்றுதான் வெளியே எடுத்து மாட்டினார்கள். உச்சிவேளைக்கு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வெளிச்சம் வந்தது, நெற்றிக்கு வரவில்லை, தொட்டிலுக்கே வரவில்லை, தெற்கே தள்ளி வெறும் தரையில் விழுந்தது.

போன மாதம் கூரையில் ஏறியவர் சாவிக்காரர் ஒருவர்தான். மழைக்காலத்தில் மண்டபம் ஒழுகியபோது, அந்த ஓட்டையை அடைத்தால்தான் விடிவு என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவரும் அவர்தான். விழாக் குழுச் செயலாளர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். நாளைச் சாயங்காலத்துக்குள் வெளிச்சம் பழைய இடத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அறையை விட்டுவிட வேண்டும்.

"பதினோரு வருஷமா அந்த ரூம்லதான் அக்கா இருக்கோம். பாருங்க, வெளிச்சம் வரும்னு இதுல அச்சடிச்சே போட்டிருக்கு," என்று அவள் விழாப் பத்திரிகையை நீட்டினாள்.

டெய்லரம்மா அதை வாய்விட்டுப் படித்தார். "சென்ற ஆண்டு இதே நாளில், இதே வேளையில், இதே தொட்டிலில், இதே கூரைத் துவாரத்தின் வழியே நிகழ்ந்த அற்புதத்தை மீண்டும் காண வாரீர்."

"நாலும் அப்படியேதானே இருக்கு, அக்கா. அப்புறம் வெளிச்சம் மட்டும் எப்படி நகரும்? எங்க வீட்டுக்காரர் கைவெச்சாதான் நகரும்னு சொல்றாங்க."

டெய்லரம்மா மறுபடியும் ஒருமுறை மௌனமாகப் படித்தார். துணியில் குறி போடும் நீலச் சுண்ணக்கட்டியை எடுத்து, பத்திரிகையில் ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே கோடு இழுத்தார். எந்தச் சொல் என்று துருவி எட்டிப் பார்ப்பதற்குள் மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

"நாலு 'இதே' போட்டிருக்காங்க. மூணை இன்னைக்கே பாத்துடலாம்," என்று இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மண்டபத்து வாசல் படியில் சாவிக்காரர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் இருக்கும் கொத்துச் சாவிதான் அவருடைய பெயருக்குக் காரணம். இன்று அது சத்தமில்லாமல் மடியில் கிடந்தது. உள்ளே அர்ச்சகரும் செயலாளரும் நின்றார்கள். செயலாளர் பாத்திரம் செய்து விற்கும் கடைக்காரர். கெட்ட மனிதரில்லை, ஊரைக் கூப்பிட்டுவிட்டு முகத்தில் கரி பூசிக்கொள்ளப் போகிறோமே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் கோபமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"டெய்லரம்மா, இது துணி இல்ல, தைச்சு ஒட்டறதுக்கு," என்றார்.

"துணியா இருந்தா இவ்வளவு நேரம் ஆகாதுங்க ஐயா. ஒரு பெஞ்சு மட்டும் கொடுங்க," என்றார் டெய்லரம்மா.

பெஞ்சை எதற்குக் கேட்டார் என்று துருவிக்குப் பிறகுதான் புரிந்தது. தொட்டில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொங்கியது. தரையில் விழும் வெளிச்சத்தை அளந்தால் கணக்குத் தப்பும். குழந்தையின் நெற்றி எந்த உயரமோ அதே உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும். தொட்டிலுக்குத் தெற்கே பெஞ்சைப் போட்டு, செங்கல் வைத்து உயர்த்தி, மேலே வெள்ளைத் துணி விரித்தார். நெற்றியிலிருந்து நேர் தெற்காக டேப்பை நீட்டி இரண்டு குண்டூசியால் பொருத்தினார்.

வெளிச்சம் மேற்கேயிருந்து கிழக்காக ஊர்ந்து வந்தது. கண்ணுக்கு நிற்பதுபோல் இருக்கும், இமைத்துப் பார்த்தால் நகர்ந்திருக்கும். வட்டம் டேப்பின் மேல் ஏறியபோது அதன் நடுவைப் பார்த்து டெய்லரம்மா சொன்னார்: "பதினஞ்சு. எழுதிக்கோ."

துருவி எழுதிக்கொண்டாள். எழுதும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் தப்பாக ஓடினால்?

அண்ணி மறுப்பாகத் தலையசைத்தார். கடிகாரம் தப்பினால் நாம் சீக்கிரம் வந்து நிற்போம், இல்லை தாமதமாக வந்து நிற்போம். வெளிச்சம் அதன் பாதையில் கொஞ்சம் மேற்கே இருக்கும், இல்லை கிழக்கே இருக்கும், அவ்வளவுதான். இங்கே பாதையே தெற்கே தள்ளிப் போயிருக்கிறது. இன்று எத்தனை மணிக்குப் பார்த்தாலும் அது தொட்டிலைத் தொடப் போவதில்லை. ஆகவே வேளை தப்பில்லை.

அப்படியானால் தொட்டில் நகர்ந்திருக்க வேண்டும் என்றாள் துருவி. இருவரும் தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்தார்கள். தொட்டில் சங்கிலிகள் மாட்டியிருந்த இரண்டு கொக்கிகளும் மரத்துக்குள் இறங்கும் இடத்தில் பழைய பச்சைப் பெயின்ட் தடிப்பாக மூடிக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. உத்தரத்தில் வேறு எங்கும் ஓட்டையும் இல்லை. கொக்கியைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்திருந்தால் பெயின்ட் உதிர்ந்திருக்கும். தொட்டிலும் தப்பில்லை.

மிச்சம் இருந்தது கூரை. சாவிக்காரர் ஏணியைக் கொண்டு வந்து சாத்தினார். துருவி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏறப் போனபோது தன் செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "தகரம் கொதிக்கும் தங்கச்சி. திருகாணி வரிசையா இருக்கிற கோட்டுல மட்டும் கால் வைங்க. அடியில சட்டம் இருக்கும். நடுவுல வெச்சா அமுங்கும்." குற்றம் சாட்டப்பட்ட மனிதர் தன்னைக் குற்றவாளியாக்கக்கூடிய இடத்துக்குப் பத்திரமாகப் போக வழி சொல்கிறாரே என்று துருவிக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

மேலே அவள் பார்த்தது இது. ஓட்டையின் மேல் உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டு, சுற்றிலும் மக்குப் பூசி ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அடியில் ஓட்டையைச் சுற்றித் துருவின் செம்பழுப்பு வளையம். பல வருஷத்துத் துரு. அந்தத் தகரத்தைப் பிடித்திருந்த மற்றத் திருகாணிகள் எல்லாம் துருவேறித் தகரத்தோடு தகரமாக இறுகிக் கிடந்தன. எதையும் யாரும் திருகவில்லை. ஓட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

இறங்கி வந்து சொன்னதும் செயலாளர் கண்ணாடிப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் அது கிடையாது. கண்ணாடி வெளிச்சத்தை வளைக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஒழுகாமல் பார் என்று சொன்னால் இவன் கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டான்.

துருவிக்கும் அது சரியென்றே பட்டது. டெய்லரம்மா சாவிக்காரரிடம் மிச்சக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார். பெஞ்சின் ஓரத்தில் வெளிச்சம் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் குறுக்கே, ஒரு சாண் மேலே, கண்ணாடியைப் பிடித்தார். எடுத்தார். மறுபடி பிடித்தார். வட்டம் அசையவில்லை, லேசாக மங்கியது, அவ்வளவுதான். தட்டைக் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே வரும்போது கொஞ்சம் சாய்க்கும், வெளியே போகும்போது அதே அளவு நிமிர்த்திவிடும், ஒரு மயிரிழைக்கு மேல் தள்ளாது என்று நிதானமாக விளக்கினார். வளைக்க வேண்டுமானால் ஒரு பக்கம் தடித்த கண்ணாடி வேண்டும். இது ஜன்னல் கண்ணாடி.

அப்போதுதான் சாவிக்காரர் முதல் தடவையாகத் தனக்காகப் பேசினார். "அடைக்கணும்னு நான் சொன்னது உண்மை ஐயா. அடைக்கலைங்கிறதும் உண்மை. உங்களுக்கு அந்த வெளிச்சம் வேணும்னு தெரிஞ்சுதான் கண்ணாடி தேடி வெச்சேன். இல்லேன்னா ஒரு உருண்டை தார் போதும்."

துருவி இடையில் புகுந்து, விழாவுக்குத்தான் இன்னும் நான்கு நாள் இருக்கிறதே, அதற்குள் தானாகக் கிட்ட வந்துவிடாதா என்று கேட்டாள். வெளிச்சம் என்ன ஆட்டுக்குட்டியா, சாயங்காலமானால் வீடு திரும்ப என்றார் செயலாளர்.

டெய்லரம்மா மட்டும் துருவியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு செயலாளரிடம் ஓர் உதவி கேட்டார். மண்டபத்துச் சாவி எல்லாம் இன்று அவரிடம் இருக்கட்டும். ஏணியும் அவர் கடைக்குள் இருக்கட்டும். பெஞ்சு, டேப், தொட்டில் எல்லாம் இப்படியே கிடக்கட்டும். நாளை உச்சிவேளைக்கு அவரே வந்து திறக்கட்டும்.

சாவிக்காரர் கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். பதினோரு வருஷம் சாவி தொங்கிய இடத்தில் வேட்டி சுருங்கி ஒரு தடம் இருந்தது. அவர் மனைவி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பங்குனி முப்பது. செயலாளர் தன் கையாலேயே கதவைத் திறந்தார். டெய்லரம்மா, துருவி, அர்ச்சகர், சாவிக்காரர், அவர் மனைவி, ஆறு பேரும் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். வெளிச்சம் வழக்கம்போல் மேற்கேயிருந்து ஊர்ந்து வந்து டேப்பின் மேல் ஏறியது.

துருவி குனிந்து பார்த்தாள். அவள் மனசுக்குள் பதினான்கு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வட்டத்தின் நடு பதினாறில் இருந்தது.

"இன்னும் தள்ளிப் போயிருக்கு," என்று அவள் குரல் இறங்கிவிட்டது.

சாவிக்காரரின் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். செயலாளர் சாவிக்காரர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சாவி முழுக்கச் செயலாளர் இடுப்பில்தான் இருந்தது. ஏணி அவருடைய கடையில், அண்டாக்களுக்குப் பின்னால் இருந்தது.

"ஆமாங்க ஐயா," என்றார் டெய்லரம்மா. "நேத்து யாராவது நகர்த்தியிருந்தா அது நீங்களாத்தான் இருக்கணும். நீங்களும் நகர்த்தல. எல்லாரும் உக்காருங்க, சொல்றேன்."

உட்கார்ந்தார்கள். டெய்லரம்மா முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அதில் நீளமாக நூல் கோத்தார். ஊசியைச் சாவிக்காரர் மனைவியிடம் கொடுத்து அசையாமல் பிடிக்கச் சொன்னார். நூலின் ஒரு முனையைத் துருவியிடம் கொடுத்து உயரத் தூக்கச் சொன்னார். மறு முனையைத் தான் பிடித்துக் கீழே விறைப்பாக இழுத்தார்.

"வெயிலும் இப்படி நேர் நூல்தான். கீழ் முனை நெத்தி. நடுவுல ஊசிக்காது, அதுதான் கூரை ஓட்டை. கீழே தொட்டில் நகரல, பெயின்ட் சொல்லுது. நடுவுல ஓட்டை நகரல, துரு சொல்லுது. ஆனா நூல் விழற இடம் நகர்ந்திருக்கு. அப்ப என்ன நகர்ந்திருக்கும்?"

துருவி தன் கையைப் பார்த்தாள். மெல்ல அதை மேலே உயர்த்தி முன்னால் கொண்டு போனாள். ஊசி அசையாமல் இருக்க, கீழே அண்ணியின் விரல் எதிர்ப்பக்கம் போனால்தான் நூல் விறைப்பாக நின்றது.

"சூரியன்," என்றாள்.

"சூரியன்தான். பங்குனி, சித்திரையில உச்சிவேளைச் சூரியன் ஒவ்வொரு நாளும் நேத்தைவிட உயர ஏறுது. மேலே அது வடக்கே ஏற ஏற, கீழே வெளிச்சம் தெற்கே போகும். நேத்துப் பதினஞ்சு, இன்னைக்குப் பதினாறு. இந்தக் கூரை உயரத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு அங்குலம்."

துருவிக்கு உடனே கடை அலமாரி ஞாபகம் வந்தது. ஜன்னலும் நகரவில்லை, அலமாரியும் நகரவில்லை. தையில் வடக்கு ஓரத்தில் பட்டுச் சாயத்தைக் குடித்த வெயில் இப்போது தெற்கு ஓரத்துக்கு வந்துவிட்டது. இருபது வருஷமாக அண்ணி கட்டுகளைத் தூக்கி மாற்றுவது அதனால்தான். நேற்றுக் காலை தன் கையாலேயே அடுக்கிவிட்டு, கடிகாரத்தையும் கொக்கியையும் துருவிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

செயலாளர் சமாதானமாகவில்லை. மூன்று நாளைக்கு மூன்று அங்குலம் தப்பலாம், ஒரு முழம் எப்படித் தப்பும்? அதுவும் ராம நவமியை நோக்கிப் போகப் போக வெளிச்சம் தூரப் போகிறதே, போன வருஷம் இதே நாளில் நெற்றியில் விழுந்ததே என்றார்.

டெய்லரம்மா ரவிக்கையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்துக் காட்டினார். நீலக்கோடு 'நாளில்' என்ற சொல்லுக்குக் கீழே இருந்தது.

"இன்னைக்குப் பதினாறு அங்குலம். நாளுக்கு ஒரு அங்குலம். அப்ப இந்த வெளிச்சம் நெத்தியில இருந்தது பதினாறு நாளைக்கு முன்னால. இன்னைக்குப் பங்குனி முப்பது, பதினாறு கழிச்சா பதினாலு. சாமி, போன வருஷம் ராம நவமி என்னைக்கு வந்ததுன்னு பாக்க முடியுமா?"

அர்ச்சகர் அலமாரியிலிருந்து போன வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்து, விரலால் வரியைத் தேடினார். தேடிய விரல் நின்றது. தலை நிமிராமலே படித்தார். "பங்குனி பதினாலு."

வெளிச்ச வட்டம் பெஞ்சின் ஓரத்துக்கு ஊர்ந்து, தரையில் இறங்கியது.

பிறகு அர்ச்சகரே மீதியை விளக்கினார். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இத்தனை நாள் அதை வெயிலோடு சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நவமி என்பது திதி, சந்திரன் கணக்கு. சந்திரன் பன்னிரண்டு சுற்று முடிக்க முந்நூற்று ஐம்பத்து நான்கு நாள். சூரிய வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைவு. அதனால் ராம நவமி வருஷா வருஷம் பதினோரு நாள் முன்னால் வரும். இப்படியே விட்டால் விழா மார்கழிக்கே போய்விடும் என்று, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்வார்கள். போன நவமிக்கும் இந்த நவமிக்கும் நடுவில் அப்படி ஒரு அதிக மாதம் வந்தது. ஆகவே இந்த வருஷம் பத்தொன்பது நாள் பின்னால் தள்ளி, சித்திரை மூன்றில் விழுகிறது.

"நம்ம பங்குனி, சித்திரை எல்லாம் சூரியன் கணக்கு," என்று டெய்லரம்மா முடித்தார். "வெயிலுக்குத் திதி தெரியாதுங்க ஐயா. தேதிதான் தெரியும். பத்திரிகையில நாலு 'இதே' போட்டீங்க. மூணு சரி. நாள் மட்டும் அதே நாள் இல்ல."

செயலாளர் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வடிந்த முகத்தில் வேறொரு துக்கம் வந்து உட்கார்ந்தது. "அப்ப போன வருஷம் நடந்தது அற்புதம் இல்லையாம்மா?" என்று சின்னக் குரலில் கேட்டார்.

டெய்லரம்மா ஊசியிலிருந்து நூலை உருவி விரலில் சுற்றிக்கொண்டார்.

"அந்த ஓட்டை வழியா வெயில் அந்த நெத்திக்குச் சரியா வர்றது வருஷத்துல ரெண்டே நாள் ஐயா. ஏறிப் போகும்போது ஒண்ணு, இறங்கி வரும்போது ஒண்ணு. எந்தத் திருகாணி கழலணும்னு யாரும் சொல்லல. ரெண்டு நாள்ல ஒண்ணு அவன் பிறந்த நாளா அமைஞ்சுது. மத்ததை எல்லாம் அளந்துட்டேன். அதை மட்டும் என் டேப்பால அளக்க முடியல."

செயலாளர் எழுந்தார். இடுப்பிலிருந்த கொத்துச் சாவியை அவிழ்த்தார். அதைச் சாவிக்காரர் கையில் கொடுக்காமல், குனிந்து, அவர் வேட்டியில் அந்தத் தடம் இருந்த இடத்திலேயே தானே செருகினார். மன்னித்துக்கொள் என்று அவர் சொன்னாரா இல்லையா என்று துருவிக்குச் சரியாகக் கேட்கவில்லை. சாவிக்காரர், "பரவால்ல ஐயா, கூரைக்கு ஏணி வேணும், அதையும் கொடுத்து அனுப்புங்க," என்றது மட்டும் கேட்டது. அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

ஆனால் பத்திரிகை அடித்தாயிற்று, இரண்டு பஸ் வருகிறது. தொட்டிலை நகர்த்தினால் என்ன என்று துருவி கேட்டாள். கொக்கி உத்தரத்தோடு இருக்கிறது, திரையும் வாசலும் அதற்கு நேராக இருக்கின்றன. குழந்தையை நகர்த்துவதைவிட ஓட்டையை நகர்த்துவது சுலபம் என்றார் டெய்லரம்மா. நகரும் ஓட்டை என்றதும் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தகரத்தை வெட்டுவதும் வளைப்பதும் அவர் தொழில்.

அன்று பிற்பகலும் அடுத்த நாள் காலையும் கூரை மேல் வேலை நடந்தது. பழைய ஓட்டையிலிருந்து தெற்கே நான்கு அங்குலமும் வடக்கே இருபத்தாறு அங்குலமுமாக, ஒரு விரல் அகலத்துக்குச் சாவிக்காரர் தகரத்தைக் கீறிப் பிளந்தார். தகரத்தின் நெளிவும் வடக்கு தெற்காகவே ஓடியது வசதியாகப் போயிற்று. பிளவின் மேல் நகர, செயலாளர் கடையிலிருந்து ஐந்தடி நீளச் செப்புப் பட்டை ஒன்று வந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு ஓட்டை. பட்டை அவ்வளவு நீளம் இருந்தால்தான் எப்படித் தள்ளினாலும் பிளவு முழுக்க மூடியிருக்கும், ஓட்டை வழியாக மட்டும் வெயில் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேல் மழைக்காக நீளக் கண்ணாடி. பக்கத்தில், தன் பழைய இன்ச் டேப்பை வார்னிஷ் பூசி ஒட்டச் சொன்னார் டெய்லரம்மா. பழைய ஓட்டை இருந்த இடம் பூஜ்யம்.

சித்திரை இரண்டாம் தேதி உச்சிவேளை. குழந்தை புதுப் பட்டுச் சட்டையில் படுத்திருந்தது. மேலேயிருந்து சாவிக்காரர் எத்தனை என்று கேட்டார். துருவி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்: பங்குனி பதினான்கிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள்?

"பதினெட்டு, அண்ணே," என்று கத்தினாள்.

கூரையில் செப்புப் பட்டை உரசும் சத்தம் கேட்டது. வெளிச்சம் மேற்கேயிருந்து ஊர்ந்து வந்தது. தொட்டில் விளிம்பில் ஏறியது. தலையணையைக் கடந்தது. நெற்றிக்கு வந்து, நடுவில் உட்கார்ந்தது. அர்ச்சகர் கை கூப்பினார். செயலாளர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பத்தொன்பது," என்றார் டெய்லரம்மா.

அன்று சாயங்காலம் துருவி அதை அழகாக ஓர் அட்டையில் எழுதி, மண்டபத்தில் சாவிகள் தொங்கும் பலகைக்கு மேலே ஒட்டினாள்:

"பங்குனி 14க்குப் பூஜ்யம். அதற்குப் பின்னால் வந்தால், நாளுக்கு ஓர் அங்குலம் வடக்கே தள்ளவும். அதற்கு முன்னால் வந்தால், நாளுக்கு ஓர் அங்குலம் தெற்கே தள்ளவும். இந்த வருஷம் சித்திரை 3: வடக்கே பத்தொன்பது. அடுத்த வருஷம் பங்குனி 22: வடக்கே எட்டு."

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். துருவியிடம் பேனாவை வாங்கி, அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்:

"தள்ள வேண்டியவர்: சாவிக்காரர். ஒவ்வொரு வருஷமும்."